தெரியாமல் இருப்பது அறமாகுமா?

பால்வினைத் தொற்றுக்கான பரிசோதனையை மருத்துவ விஷயமாக மட்டும் பேசுவதே வழக்கம். ஆனால் பரிசோதனைக்குத் தயங்குபவர்கள் சொல்லும் காரணங்களைக் கேட்டால், அவற்றில் மருத்துவம் அநேகமாக இருப்பதில்லை. விதி, மானம், கற்பு, கணவன் மனைவிக்குள் இருக்க வேண்டிய நம்பிக்கை என்று எல்லாமே அறத்தையும் சமயத்தையும் ஒட்டிய காரணங்கள். ஊசிக்குப் பயந்து வராதவர் குறைவு. ஊருக்குப் பயந்து வராதவர்தான் அதிகம். ஆகவே கேள்வியையும் அறத்தின் கேள்வியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்: தன்னிடமிருந்து இன்னொருவருக்குப் போகக்கூடிய நோய் தன் உடலில் இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளாமலே இருந்துவிட ஒருவருக்கு உரிமை உண்டா?

இப்படி ஒரு கேள்வி எழுவதற்கே இத்தொற்றுகளின் இயல்புதான் காரணம். 2020ஆம் ஆண்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்டவர்களிடையே கிளமிடியா, கொனோரியா, சிபிலிஸ், டிரைக்கோமோனியாசிஸ் ஆகிய நான்கு தொற்றுகள் மட்டும் உலகெங்கும் புதிதாக 37.4 கோடி முறை ஏற்பட்டன என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. நான்கும் மருந்தால் குணமாகக்கூடியவை. பெரும்பாலானவர்களுக்கு நோய் வந்ததற்கான அடையாளமே தெரிவதில்லை. சிபிலிஸ் தொற்றிய சுமார் மூன்று வாரத்தில் வலியில்லாத ஒரு புண் வரும். மருந்து போடாமலே சில வாரங்களில் ஆறியும் விடும். புண் ஆறியதைப் பார்த்து நோய் போய்விட்டது என்று அவர் நினைத்துக்கொள்வார். கிருமி உள்ளேயே இருக்கும். பத்து, இருபது ஆண்டுகள் கழித்து இதயத்தையோ மூளையையோ கண்ணையோ தாக்கும். தொடக்கத்திலேயே கண்டுபிடித்திருந்தால் ஒரே தவணை பென்சிலின் ஊசியோடு முடிந்திருக்கும். கிளமிடியா பெண்ணின் கருக்குழாயை ஓசையில்லாமல் கெடுக்கிறது. பிள்ளை இல்லையே என்று கோவில் கோவிலாக நேர்த்திக்கடன் வைத்து அலையும் தம்பதிகளில் சிலருக்குக் காரணம், எப்போதோ சில மாத்திரைகளில் தீர்ந்திருக்கக்கூடிய இந்தத் தொற்றாக இருக்கலாம். எச்.ஐ.வி. கிருமியோ பல ஆண்டுகள் எந்த அடையாளமும் காட்டாமல் உடலில் தங்கும். “உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது” என்ற பேச்சுக்கு இந்த நோய்களிடம் மதிப்பில்லை.

மலேசியாவின் கேமரன் மலையில் திரிங்காப்புக்கும் கம்போங் ராஜாவுக்கும் நடுவே இருக்கும் கோலா தெர்லா போன்ற ஊரில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. போ தேயிலைத் தோட்டம் 1929இல் தொடங்கப்பட்டது. அந்தக் காலந்தொட்டுத் தேயிலையை நம்பித் தமிழ்க் குடும்பங்கள் இம்மலையில் வாழ்ந்து வருகின்றன. பின்வந்த தலைமுறைகள் காய்கறித் தோட்டத்துக்கும் லாரிக்கும் கடைக்கும் ஓட்டலுக்கும் போயின. வேலை மாறினாலும் லயத்து வாழ்க்கையின் நெருக்கம் மாறவில்லை. மாமன், மச்சான், சம்பந்தி என்று ஏதோ ஒரு முறையில் எல்லாரும் எல்லாருக்கும் வேண்டியவர்கள். மாவட்ட மருத்துவமனை தானா ராத்தாவில் இருக்கிறது. அங்கே எண்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பக்கத்து நாற்காலியில் இருப்பவர் தெரிந்தவராகவே இருப்பார். “என்னம்மா, உடம்புக்கு என்ன?” என்று அவர் கேட்பது அக்கறையால்தான். அந்த அக்கறைக்குப் பதில் சொல்ல முடியாது என்பதற்காகவே பலர் போவதில்லை.

இம்மலையின் தமிழ்க் குடும்பங்களில் பால்வினைப் பரிசோதனை யாருக்கும் நடக்கவில்லை என்று எண்ணுவது தவறு. பிள்ளை பெற்ற பெண்களில் அநேகமாக எல்லாருக்கும் அது நடந்திருக்கிறது. மலேசிய அரசாங்க கிளினிக்குகளில் கர்ப்பிணிகளுக்கான எச்.ஐ.வி. பரிசோதனை 1998 முதல் நடைபெறுகிறது. சிபிலிஸ் பரிசோதனையும் உடன் உண்டு. கர்ப்பம் என்று பதியப் போகும் முதல் நாளிலேயே ரத்தம் எடுக்கப்பட்டு, தாய் சேய் பதிவுப் புத்தகத்தில் முடிவு ஏறிவிடும். இதன் பலன் பெரிது. தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பரவுவதை ஒழித்த நாடு என்ற உலகச் சுகாதார நிறுவனத்தின் சான்றை மலேசியா 2018 அக்டோபரில் பெற்றது. மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் அதுவே முதல் நாடு. அடுத்த ஆண்டில் இலங்கைக்கும் அதே சான்று கிடைத்தது.

ஆனால் இந்த வெற்றிக்குள் ஒரு கோணல் இருக்கிறது. குடும்பத்தில் முதலில் சோதிக்கப்படுபவள் பெண். கணவனுக்கு அப்படிக் கட்டாயம் கிளினிக்குக்குப் போகவேண்டிய ஒரு நாள் வாழ்க்கையில் வருவதில்லை. முடிவு அவள் பெயரில் வருவதால் பழியும் அவள் பெயரிலேயே விழுகிறது. தொற்றைக் கொண்டுவந்தவர் யார் என்று அந்தத் தாளில் எழுதியிருக்காது. யாருக்கு முதலில் தெரியவந்தது என்பதுதான் இருக்கும். வயிற்றில் பிள்ளையோடு நிற்கும் பெண், தான் செய்யாத ஒன்றுக்காக மாமியார் வீட்டில் தலைகுனிய நேர்கிறது. மனைவி சோதனை செய்துகொண்டாள் என்பதே தனக்கும் போதும் என்று ஒரு கணவன் இருந்துவிடுவது அநியாயம். அவள் முடிவு நல்லபடியாக வந்திருந்தாலும் அது அவளுடைய அன்றைய ரத்தத்தைப் பற்றியது. அவனுடையதைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

தயக்கங்களில் முதலாவது விதி. “வரவேண்டியது வந்தே தீரும், தெரிந்து என்ன ஆகப்போகிறது” என்பது தோட்டத்திலும் பட்டணத்திலும் ஒரே மாதிரி கேட்கும் பேச்சு. சைவ சித்தாந்தம் வினையை மூன்றாகப் பிரிக்கிறது: முன் சேர்த்து வைத்த சஞ்சிதம், இப்பிறவியில் அனுபவிக்க வந்த பிராரத்தம், இப்போது செய்து புதிதாக ஈட்டிக்கொள்ளும் ஆகாமியம். ஒருவருக்கு நோய் வந்தது பிராரத்தம் என்றே வைத்துக்கொள்வோம். அந்த நோயை அவர் சோதித்துப் பார்க்க மறுத்து, மனைவிக்கோ கணவனுக்கோ பிறக்கப்போகும் பிள்ளைக்கோ கொடுப்பது பிராரத்தம் ஆகாது. அது இன்று அவர் செய்யும் செயல்; அவர் கணக்கில் புதிதாக ஏறும் ஆகாமியம். வாங்கிக்கொண்டவர் தம் வினையால்தான் வாங்கிக்கொண்டார் என்று சொல்லித் தப்பிக்கவும் வழியில்லை. அப்படிச் சொல்ல முடியுமானால் கொலைக்கும் களவுக்கும் அதே நியாயத்தைச் சொல்லிவிடலாம். எந்தச் சைவ ஆசிரியரும் வினைக்கொள்கையை அப்படிப் படிக்கவில்லை.

அவர்கள் அதைப் படித்த விதம் எதுவென்று ஒரு நிகழ்ச்சியே காட்டுகிறது. கொங்கு நாட்டில் கொடிமாடச் செங்குன்றூரில், இன்றைய திருச்செங்கோட்டில், உடன்வந்த அடியார்களைக் குளிர்சுரம் பற்றியபோது ஞானசம்பந்தர் திருநீலகண்டப் பதிகம் பாடினார் என்று பெரியபுராணம் சொல்கிறது. துன்பத்தை முன்வினை என்று பேசிக்கொண்டே அதிலிருந்து மீளும் வழியைத் தேடாமல் இருப்பது குறை என்று இடித்துச் சொல்லித்தான் அந்தப் பதிகம் தொடங்குகிறது. வினையை நம்பியவரே, வினையைச் சாக்காகச் சொல்லிச் சும்மா இருப்பதைக் கண்டித்திருக்கிறார். திருக்குறளிலும் 38ஆம் அதிகாரம் ஊழின் வலிமையைச் சொல்ல, 62ஆம் அதிகாரம் முயற்சியின் வலிமையைச் சொல்கிறது. மருந்து என்ற 95ஆம் அதிகாரம் நோய் இன்னதென்று ஆராய்ந்து, அதன் காரணத்தையும் ஆராய்ந்த பிறகே தீர்க்கும் வழியைப் பார்க்கச் சொல்கிறது. ஆராய்வதுதான் முதல் படி. சோதிக்காமல் அந்தப் படியில் ஏற முடியாது.

உடல் இழிவானது, அதைப் பற்றி இவ்வளவு பேசுவானேன் என்றும் சமயத்தின் பெயரால் சிலர் சொல்வதுண்டு. உடம்பைக் குறையாக எண்ணியிருந்து, பின்பு அதனுள் இறைவனைக் கண்டு அதைப் பேணத் தொடங்கியதாகத் திருமூலர் பாடியிருக்கிறார். கிறிஸ்தவர்களுக்குப் பவுல் எழுதிய கடிதமும் உடலை ஆலயம் என்கிறது. இஸ்லாமியச் சட்ட அறிஞர்கள் உயிரையும் சந்ததியையும் காப்பதைச் சட்டத்தின் அடிப்படை நோக்கங்களில் வைக்கிறார்கள். இதற்குமேல் இந்தத் தயக்கத்தோடு வாதாட வேண்டியதில்லை.

கற்பைப் பற்றிய தயக்கம் அப்படிச் சுலபமாகத் தீராது. அதில் உண்மையான மனவலி இருக்கிறது. “என்மேல் நம்பிக்கை இல்லையா?” என்று ஒருவர் கேட்டுவிட்டால் அடுத்து ஒரு சொல்லும் சொல்ல முடியாமல் போகிறது. ஒருவன் மேல் சந்தேகப்படுவது அவனை அவமதிப்பது என்று கருதும் குடும்பங்களில், கல்யாணத்துக்கு முன் ரத்தம் கேட்பது மாப்பிள்ளையைத் திருடன் என்று சொல்வதற்குச் சமமாகப் படுகிறது. இங்கே பிரித்துப் பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. நம்பிக்கை என்பது ஒருவருடைய நடத்தையையும் சொல்லையும் பற்றியது. கிருமி அவருக்கே தெரியாமல் உடலில் இருப்பது. தனக்கே தெரியாத ஒன்றைப் பற்றி எவ்வளவு உண்மையானவராலும் உறுதி தர முடியாது. ஹெபடைட்டிஸ் பி பிறக்கும்போதே தாயிடமிருந்து வந்திருக்கலாம், எச்.ஐ.வி. ஊசி வழியாகவோ, சோதிக்கப்படாத ரத்தம் ஏற்றியதாலோ, முந்தைய மணவாழ்விலோ வந்திருக்கலாம். சோதனைக் குழாய்க்கு ரத்தம் தெரியும், கிருமி வந்த வரலாறு தெரியாது. ஆகவே இருவரும் ஒன்றாகச் சென்று சோதித்துக்கொள்ளும்போது யாரும் யாரையும் குற்றம் சாட்டவில்லை. ஒருவரை மட்டும் அனுப்பினால்தான் அது குற்றச்சாட்டு ஆகிறது. பெண்ணை மட்டும் அனுப்பும் வழக்கம் கற்பைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு பெண்ணை மட்டும் காவலில் வைக்கும் பழைய பழக்கத்தின் தொடர்ச்சி.

இனி முதலில் எழுப்பிய கேள்வி. தன்னோடு முடிந்துபோகும் நோயைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்பாதவரை விட்டுவிடலாம். தீராத மரபுநோய் ஒன்று பின்னால் வருமா என்று அறிய மறுப்பவரின் விருப்பத்தை மருத்துவ அறம் மதிக்கிறது. தொற்று அப்படிப்பட்டதல்ல. அது ஒருவரின் சொந்த விஷயமாக இருப்பது அவர் இன்னொருவரைத் தொடும் வரையில்தான். “எனக்குத் தெரியாது” என்பது உண்மையிலேயே தெரிந்துகொள்ள வழியில்லாத காலத்தில் நல்ல பதில். சிபிலிசுக்கு ரத்தப் பரிசோதனை 1906இல் வந்தது, எச்.ஐ.வி.க்கு 1985இல் வந்தது. வழி இருந்தும் போகாதவர் சொல்லும் “தெரியாது” வேறு வகை. மலேசியக் குற்றவியல் சட்டத்தின் 269ஆம் பிரிவு, உயிருக்கு ஆபத்தான தொற்றுநோயைப் பரப்பும் எனத் தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ கவனமின்றிச் செய்யும் செயலைக் குற்றமாக்குகிறது. “நம்பக் காரணம் இருந்தோ” என்ற அந்தச் சொற்றொடர், கண்ணை மூடிக்கொள்வதைக் காரணமாகக் காட்ட விடுவதில்லை. நீதிமன்றத்துக்கு முன்பே மனச்சாட்சி அதே வரியை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஆக, தெரிந்துகொள்ளாமல் இருக்கும் உரிமை இங்கே இல்லை.

உரிமை இல்லை என்பதால் வலுக்கட்டாயமாகச் சோதிக்கலாம் என்று ஆகிவிடாது. இந்த இடத்தில் வரலாறு எச்சரிக்கையாக நிற்கிறது. 1864 முதல் இங்கிலாந்திலும், 1868இல் இந்தியாவிலும், 1870இல் சிங்கப்பூரும் பினாங்கும் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களிலும் ஆங்கிலேயர் கொண்டுவந்த தொற்றுநோய்ச் சட்டங்கள், விலைமாதர் என்று கருதப்பட்ட பெண்களைப் பிடித்துச் சோதித்து மருத்துவமனைகளில் அடைத்தன. அவர்களிடம் வந்துபோன ஆண்களை அந்தச் சட்டங்கள் தொடவில்லை. அநீதி மட்டுமல்ல, நோய்த்தடுப்பாகவும் அது பாதி வேலை. அமெரிக்காவில் டஸ்கீகி என்ற இடத்தில் 1932 முதல் 1972 வரை, சிபிலிஸ் இருந்த 399 கறுப்பின ஆண்களுக்கு நோயின் பெயரைச் சொல்லாமலும், பென்சிலின் வந்த பிறகும் அதைக் கொடுக்காமலும் நோய் எப்படி முற்றுகிறது என்று அரசாங்கமே பார்த்துக்கொண்டிருந்தது. சோதனைக்குப் பின் சிகிச்சை வராவிட்டால் அது சோதிக்கப்பட்டவருக்கு எதிரான ஆயுதம்.

கேமரன் மலையிலேயே இதன் இன்றைய வடிவம் உண்டு. தேயிலையும் காய்கறியும் இப்போது பெருமளவில் வங்காளதேசம், நேப்பாளம், இந்தோனேசியா, மியன்மார், இந்தியா ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்களின் கையில் விளைகின்றன. அவர்களுக்கு ஃபோமெமா என்ற ஏற்பாட்டின் வழி 1997 முதல் கட்டாய மருத்துவப் பரிசோதனை நடக்கிறது, எச்.ஐ.வி., சிபிலிஸ், ஹெபடைட்டிஸ் பி ஆகியவையும் அதில் அடக்கம். தகுதியில்லை என்று வந்தால் வேலை உரிமம் போகும், ஊருக்குத் திரும்ப வேண்டும். அந்தத் தொழிலாளிக்குப் பரிசோதனை என்ற சொல்லே பிழைப்புக்கு வைக்கும் உலையாகத்தான் கேட்கும். அவரிடம் போய்ப் பரிசோதனை ஓர் அறக்கடமை என்று சொல்வதற்கு முன், முடிவு வந்தபின் அவருக்கு மருந்து உண்டா என்ற கேள்விக்கு அப்படிச் சொல்பவர் பதில் சொல்லவேண்டும். கடமை என்ற சொல்லைச் சோதிக்கப்படுபவரிடம் மட்டும் சொல்லி நிறுத்த முடியாது.

இந்தியாவில் எச்.ஐ.வி.யின் வரலாறு சென்னையில் தொடங்கியதும் இந்தச் சிக்கலோடுதான். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டலில் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலா, காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளர்களின் ரத்த மாதிரிகளை எடுத்தார். வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் சோதித்தபோது நாட்டின் முதல் தொற்றுகள் தெரியவந்தன. அந்தப் பெண்கள் தாமாக வந்து சோதனை கேட்டவர்கள் அல்லர். சுனிதி சாலமன் பின்னாளில் ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனத்தைத் தொடங்கி, எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு மருத்துவம் பார்த்ததோடு அவர்களுக்குள் வரன் பார்த்து வைக்கும் வேலையையும் செய்தார். பரிசோதனையின் முடிவு வாழ்க்கையின் முடிவு இல்லை என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் செய்து காட்டியதில்லை.

ரகசியமும் கடமையும் மோதிய வழக்கும் சென்னையில் எழுந்ததே. சென்னை மருத்துவமனை ஒன்றில் ஒருவர் கொடுத்த ரத்தத்தில் எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து, செய்தி வெளியாகி, நிச்சயமான திருமணம் நின்றது. ‘எக்ஸ்’ என்று மட்டும் பெயர் குறிக்கப்பட்ட அவர் மருத்துவமனைமேல் வழக்குத் தொடுத்தார். மணப்பெண்ணின் உயிர்வாழும் உரிமை அவருடைய அந்தரங்க உரிமையைவிடப் பெரிது என்று 1998இல் இந்திய உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே தீர்ப்பு எச்.ஐ.வி. உள்ளவரின் மண உரிமையைப் பற்றிக் கடுமையாகச் சொன்னதை 2002இல் நீதிமன்றமே விலக்கிக்கொண்டது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஒரு நியாயமான நிலை கிடைக்கிறது: மணக்கப்போகிறவருக்குத் தெரிந்தாக வேண்டும், தெரிந்தபின் மணப்பதா வேண்டாமா என்பது அவர்கள் இருவரின் முடிவு. இன்று அந்த முடிவு முன்புபோல் அச்சம் தருவதல்ல. தொடர்ந்து மருந்து எடுத்து ரத்தத்தில் கிருமியின் அளவு கண்டறிய முடியாதபடி குறைந்தவரிடமிருந்து பாலுறவு வழியாக எச்.ஐ.வி. பரவுவதில்லை. மலேசிய அரசாங்க மருத்துவமனைகளில் குடிமக்களுக்கு முதல்வரிசை மருந்துகள் இலவசம்.

மலேசியாவில் முஸ்லிம் தம்பதிகளுக்குத் திருமணத்துக்கு முந்தைய எச்.ஐ.வி. பரிசோதனையை 2001இல் ஜொகூர் கட்டாயமாக்கியது. பிறகு மற்ற மாநிலங்களும் அதைப் பின்பற்றின. முஸ்லிம் அல்லாதவர்களுக்கு அது விருப்பம்தான். ஆனால் அவர்களுக்கான 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டத்தின் 70ஆம் பிரிவு, திருமணத்தின்போது ஒருவருக்குப் பரவும் நிலையில் பால்வினை நோய் இருந்து மற்றவர் அதை அறியாதிருந்தால் அந்தத் திருமணத்தை ரத்துச் செய்யக் கோர இடம் தருகிறது. சோதிக்கச் சொல்லாத சட்டம், சோதிக்காததன் விளைவை மட்டும் பேசுகிறது. இடைவெளியை நிரப்ப வேண்டியது சமூகம். இதில் கோவில்களுக்கு நேரடியான பங்கு இருக்கிறது, ஏனென்றால் இந்நாட்டில் பல இந்துக் கோவில்களில் அரசாங்கம் நியமித்த துணைத் திருமணப் பதிவாளர்கள் இருக்கிறார்கள். பத்துப் பொருத்தம் கேட்கும் வீட்டில், பதிவுக்கு நாள் குறிக்கவரும் இருவரிடமும் “ரத்தம் பார்த்தீர்களா?” என்று ஒரு கேள்வியைச் சேர்ப்பதற்குச் சட்டம் எதுவும் மாறவேண்டியதில்லை.

அதே மூச்சில் சொல்லவேண்டியது: கேட்பவர் முடிவைக் கேட்கக் கூடாது. பார்த்தீர்களா என்பதோடு நிறுத்த வேண்டும். சூலை நோயால் துடித்த நாவுக்கரசர் ஒருவரும் அறியாமல் இரவில் திருவதிகைக்குத் தமக்கை திலகவதியாரைத் தேடிப் போனார். சைவத்தை விட்டுப்போனதற்காகத் தமக்கை தம்பியை ஏசவில்லை. திருநீறு கொடுத்துக் கோவிலுக்கு அழைத்துச் சென்றார். நோயைச் சொல்லிக்கொள்ள அப்படி ஓர் இடம் இருக்கும் ஊரில்தான் சோதனைக்குப் போ என்று சொல்ல ஊருக்குத் தகுதி வருகிறது. கிளினிக்கில் யாரைப் பார்த்தோம் என்பதைத் தேநீர்க்கடையில் பேசுபவர், அடுத்து வரவிருந்த ஒருவரை வீட்டிலேயே நிறுத்திவிடுகிறார். அந்த ஒருவரின் மனைவிக்கு வரும் நோயில் பேசியவருக்கும் பங்கு உண்டு.

சோதனை அளவில் சின்னது. விரல்நுனியில் குத்தி, ஒரு சொட்டு ரத்தத்தைக் கட்டைவிரல் நீள அட்டையின் குழியில் விட்டு, அதன்மேல் சில துளி திரவம் விடுவார்கள். பதினைந்து, இருபது நிமிடத்தில் ஒரு கோடோ இரண்டு கோடோ தெரியும். ஒரு கோடு வந்தால் அப்போதைக்குத் தொற்று தென்படவில்லை. இரண்டு வந்தால் மேலும் உறுதிப்படுத்தும் சோதனை செய்த பிறகே நோய் என்று சொல்வார்கள். எச்.ஐ.வி. தொற்றி அதிகபட்சம் 45 நாளுக்குள் ஆய்வகச் சோதனையிலும் 90 நாளுக்குள் விரல்நுனிச் சோதனையிலும் தெரிந்துவிடும். திருமணப் பதிவுக்கு மனு செய்தபின் உள்ள 21 நாள் அறிவிப்புக் காலம் இதற்குப் போதாது. ஆகவே கோலா தெர்லாவிலும் கேமரன் மலையின் மற்ற ஊர்களிலும் கல்யாணப் பேச்சு எழும் வீடுகள், பரிசம் போடும் முன்பே பெண்ணையும் மாப்பிள்ளையையும் சேர்த்து அனுப்பிவைக்கட்டும். மணமாகிப் பல ஆண்டானவர்களும் இருவராகவே போய்வரட்டும். அரசாங்க கிளினிக்குகளில் எச்.ஐ.வி. சோதனைக்குக் கட்டணமில்லை, பெயர் சொல்லாமலே செய்துகொள்ளவும் வசதி உண்டு.